ஒலிவ எண்ணெயும் குருதிப் புற்றுநோயும்

எள்ளிலிருந்து பிழிந்த நெய்யைத் தமிழர் எண்ணெய் என்றனர். எள், நெய் என்னும் இரு சொற்கள் புணர்ந்து பிறந்த அப்பெயர், பின்னர்த் தேங்காய், கடலை, ஆமணக்கு ஆகியவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. மேலை நாட்டிலும் நிகழ்ந்தது இதுவே. கிரேக்கர் ஒலிவக் கனியின் நெய்யை எலையோன் என்றனர். உரோமர் ஓலெயும் என்றனர். அச்சொல்லே திரிந்து, ஆங்கிலத்தில் ஆயில் என்று எல்லா எண்ணெய்க்கும் பெயராக நிற்கின்றது. தம் நாட்டில் விளைந்த வித்தையோ கனியையோ வைத்தே ஒவ்வோர் இனத்தாரும் எண்ணெய் என்னும் பொருளை அறிந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டு எண்ணெய்களும் ஒரே கரையில் சந்தித்த காலமும் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்குக் கிடைத்த இருபிடிச் சாடிகளின் உடைசல்களைப் பிற்கால அறிஞர் ஆராய்ந்தனர். அவற்றுட் பல, தேறல் வந்த சாடிகள். சில, ஒலிவ எண்ணெய் வந்தவை. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றுப் புலவர் பாடினர் என்பதை ஆசிரியன்மார் அறிவர். தேறலோடு அவ்வெண்ணெயும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழ்க் கரையில் இறங்கியது என்பதைப் பலர் அறியார். எனினும் அது தமிழர் அடுக்களையில் வேரூன்றவில்லை. கிறித்தவர்க்கு அது திருமறையில் வரும் ஒலிவம், இசுலாமியர்க்குச் சைத்தூன், மலாய்க்காரரும் மின்யாக் சைத்தூன் என்பர். ஏனையோர்க்கு அது நெடுங்காலம் மருந்துக்கடையில் சிறு புட்டியில் விற்கும் பொருளாகவே இருந்தது.

இன்று நிலைமை வேறு. சிராங்கூன் சாலைக் கடைகளில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே ஒலிவ எண்ணெய் அடுக்கப்பட்டுள்ளது. சுவைக்காக வாங்குவோர் சிலர். நெஞ்சுக்கு நல்லது என்று வாங்குவோர் பலர். அண்மைக் காலமாக மற்றொரு கருத்தும் பரவிவருகின்றது: ஒலிவ எண்ணெய் உண்போரைக் குருதிப் புற்றுநோய் அணுகாது என்பதே அது. அக்கருத்து எங்கிருந்து வந்தது, அதன் வலிமை எவ்வளவு, எல்லை எது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது இது வெறும் ஆராய்ச்சியன்று. உயிரைப் பற்றிய வினாவாகும்.

நோயின் பெயர்

1845-ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னெட் என்பாரும், பெர்லினில் உருடால்பு விர்க்கோ என்பாரும் தனித்தனியே ஒரு நோயை விரித்துரைத்தனர். இறந்த நோயாளரின் குருதியில் நிறமற்ற அணுக்கள் அளவிறந்து பெருகியிருந்தன. இருவருள் விர்க்கோ, வெண்குருதி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 1847-இல் அந்நோய்க்கு லூக்கேமியா எனப் பெயரிட்டார். நம் உடலில் குருதியணுக்கள் எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் பிறக்கின்றன. பிறத்தல், முதிர்தல், இறத்தல் என்னும் ஒழுங்கு கெட்டு, ஒருவகை வெள்ளணுக்கள் மட்டும் கட்டின்றிப் பெருகுவதே இந்நோயின் இயல்பு. நிணநீர்க் கணுக்களில் தொடங்குவதை லிம்போமா என்றும், எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களில் தொடங்குவதை மைலோமா என்றும் பிரித்துரைப்பர். ஆகவே குருதிப் புற்றுநோய் என்பது ஒரு நோயன்று, ஒரு குடும்பம். ஒன்றற்குச் சொன்னது மற்றொன்றற்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

குன்னூரிலிருந்து பாஸ்டன் வரை

உணவுக்கும் குருதிக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் தெளிவாகக் கண்ட வரலாற்றில் நம் நாட்டிற்குப் பெரும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்டிர் பலர், குருதி வெளிறிச் சோர்ந்து இறப்பதைக் கண்டு அதன் காரணத்தை நாடினார். குன்னூரிலும் சென்னையிலும் அவருடைய ஆராய்ச்சி தொடர்ந்தது. ஊட்டக்குறையே காரணம் என்று கண்ட அவர், ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட்டை நோயாளர்க்குக் கொடுத்தார். விலை குறைந்த அந்த உணவுப்பொருள் குருதியை மீட்டது. 1931-இல் இச்செய்தியை அவர் வெளியிட்டார். இலங்கையிலும் மலாயாவிலும் சோற்றுக்கஞ்சியில் மார்மைட்டைக் கலக்கி உண்டவர்க்கு, அதன் பின்னே இத்தகைய வரலாறு இருப்பது வியப்பாகத் தோன்றலாம்.

அதனுள் இருந்த பொருள் பின்னர்க் கீரையிலிருந்தும் பிரிக்கப்பட்டது. இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அதற்கு 1941-இல் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய அமெரிக்கக் குழுவிற்குத் தலைவராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். அக்காலத்தில் குழந்தைகட்கு வரும் கடிய லூக்கேமியாவுக்கு மருந்தே இல்லை. சோகை கொண்ட குருதியை மீட்கும் போலிக் அமிலம், புற்றுக்கொண்ட குருதியையும் மீட்கக்கூடும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வினப் பொருள்களை நோயுற்ற குழந்தைகட்குக் கொடுத்துப் பார்த்தனர். விளைவு எதிராயிற்று. நோயணுக்களின் பெருக்கம் விரைவுற்றதாகப் பார்பர் கண்டார். வளரும் அணுவிற்கெல்லாம் அது ஊட்டம். நல்லணு, நோயணு என்னும் வேற்றுமை அதற்கில்லை.

அத்தோல்வியிலிருந்தே வெற்றி பிறந்தது. ஊட்டம் நோயை வளர்க்குமாயின், அவ்வூட்டத்தைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கவேண்டும் அன்றோ? சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைப் போன்ற உருவமும் அதற்கு மாறான செயலும் உடைய அமினோப்டெரின் என்னும் பொருளைச் செய்து கொடுத்தனர். 1948-இல் பார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, அதனைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் நலம் பெற்றனர். அந்நலம் சில திங்களே நின்றது. ஆயினும் மருந்தால் இந்நோயை அடக்கலாம் என்பது அப்போது உறுதியாயிற்று. அதன் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்ஸேட் இன்றும் மருத்துவத்தில் பயன்படுகின்றது. பல மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் முறை வந்தபின், மருத்துவம் வளர்ந்த நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பதின்மர் அளவுக்குப் பிழைக்கின்றனர். சுப்பாராவ் 1948-லேயே மறைந்தார். இவ்வளர்ச்சியைக் காண அவர் இல்லை.

கீரையை அஞ்சவேண்டும் என்பது இதன் பொருளன்று. நலமுள்ளார்க்கும் கருவுற்றார்க்கும் போலிக் அமிலம் இன்றியமையாதது. உணவுப்பொருள் ஒன்று குருதியை மாற்றவல்லது. எத்திசையில் மாற்றும் என்பதை ஊகத்தால் அறிய இயலாது, சோதனையே அதைக் கூறும். இதுவே குன்னூரிலிருந்து பாஸ்டன் வரை சென்ற வரலாறு கற்பிக்கும் பாடம். இப்பாடத்தைக் கைக்கொண்டு ஒலிவ எண்ணெயை அணுகுவோம்.

ஒலிவத்தின் புகழ்

இவ்வெண்ணெயின் இக்காலப் புகழ் நெஞ்சுநோய் ஆராய்ச்சியிலிருந்து எழுந்தது. அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் 1958-இல் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரின் உணவும் நோயும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைக்கப்பட்டன. கிரேக்கத் தீவாகிய கிரீட்டில் நெஞ்சுநோய்ச் சாவு மிகக் குறைவு. அத்தீவினர் கொழுப்பைக் குறைவாக உண்டவரல்லர். ஒலிவ எண்ணெயைத் தாராளமாக உண்டவர். ஆகவே கொழுப்பின் அளவே அன்றி அதன் வகையும் கருதத்தக்கது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் கிரீட்டு மக்கள் எண்ணெயை மட்டுமா உண்டனர்? காய்கறியும் பருப்பும் கனியும் உண்டனர், நிலத்தில் உழைத்தனர். இவற்றுள் எது காத்தது என்று பிரித்தறிதல் எளிதன்று.

அடுத்து நேர்ந்தது ஒரு சுவையான நிகழ்ச்சி. கேரி பியூசாம்ப் என்னும் அமெரிக்க அறிஞர் சிசிலித் தீவில் புதிதாகப் பிழிந்த ஒலிவ எண்ணெயைச் சுவைத்தார். அது தொண்டையில் ஒருவகைக் காரலை எழுப்பிற்று. வலிநீக்கும் மருந்தாகிய ஐபுபுரோபெனைக் கரைசலாக அருந்தும்போது உண்டாகும் காரலும் அதுவே என்பதை அவர் உணர்ந்தார். அக்காரலுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து ஓலியோகாந்தால் எனப் பெயரிட்டு, 2005-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்டனர். அது ஐபுபுரோபென் தடுக்கும் நொதிகளையே தடுக்கின்றது. அதனால் உடலின் அழற்சியைத் தணிக்கவல்லது. நாளொன்றுக்கு 50 கிராம் எண்ணெய் உண்பவர், அம்மருந்தின் ஒரு வேளை அளவில் பத்தில் ஒரு பங்குக்கு நிகரான செயலைப் பெறலாம் என்று கணித்தனர். நெடுநாள் அழற்சி சில புற்றுநோய்கட்குத் துணைசெய்வது அறியப்பட்ட செய்தி. எனவே ஆராய்ச்சியாளரின் நோக்கம் புற்றுநோயின்பால் திரும்பிற்று.

2015-இல் நியூயார்க்குப் பகுதி ஆய்வாளர் சிலர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றணுக்கள்மேல் ஓலியோகாந்தாலைச் செலுத்தினர். அணுவினுள் கழிவைச் செரிக்கும் சிறு பைகள் உடைந்து, ஒரு மணி நேரத்திற்குள் புற்றணுக்கள் மாய்ந்தன, நல்லணுக்கள் மாயவில்லை. கேட்க இனிய செய்தியே. ஆனால் அவை கணையம், மார்பு, புராஸ்டேட் ஆகியவற்றின் புற்றணுக்கள்; குருதியின் அணுக்கள் அல்ல. கண்ணாடித் தட்டில் நிகழ்ந்தது மாந்தர் உடலிலும் அவ்வாறே நிகழும் என்னும் உறுதியும் இல்லை. உண்ட பொருள் குடலையும் கல்லீரலையும் கடந்தன்றோ குருதியை அடைகின்றது!

நேரிய சான்று

குருதிப் புற்றுநோயாளரையே கொண்டு செய்த சோதனை கிரேக்க நாட்டில் நிகழ்ந்தது. நெடுநாள் நிணவணு லூக்கேமியா என்பது மெல்ல வளரும் ஒருவகை. அதன் தொடக்க நிலையில் மருந்து கொடாமல் கண்காணித்து வருவதே மருத்துவர் வழக்கம். அத்தகைய நோயாளர் இருபதின்மர்க்குச் சற்று மேற்பட்டோர்க்கு, ஓலியோகாந்தால் மிகுந்த எண்ணெயை நாளொன்றுக்கு 40 மில்லிலிட்டர் வீதம் பல திங்கள் கொடுத்தனர். அவர்தம் குருதியில் வெள்ளணுக்களின் தொகை குறைந்தது. 2022-இல் இம்முடிவு வெளிவந்தது. பரவிவரும் நம்பிக்கைக்கு உள்ள நேரிய சான்றுகளுள் இதுவே குறிப்பிடத்தக்கது.

இதனை இகழ்தல் அறிவுடைமையன்று, மிகைப்படுத்தலும் அன்று. சோதனைக்கு உட்பட்டோர் மிகச் சிலர். அணுத்தொகை குறைவது நோயாளர் நெடிது வாழ்வதற்குச் சமமாகாது. கொடுத்த எண்ணெயும் கடையில் கிடைக்கும் எந்த எண்ணெயும் அன்று. தூய்மிக்கு வெளுக்கப்பட்ட ஒலிவ எண்ணெயில் இத்தகைய காரப்பொருள்கள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. யாவற்றினும் மேலாக, அது முன்பே நோயுற்றவர்க்குச் செய்த சோதனை. நோய் வராமல் காக்குமா என்பது வேறு வினா.

வராமல் காக்குமா என்னும் வினாவிற்கு விடைதேடியவரும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் இதே லூக்கேமியா உற்றோரையும் உறாதோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கொழுத்த இறைச்சி, பதனிட்ட உணவு, இனிப்பு இவை மிகுந்த உணவுமுறை நோயுற்றோரிடம் மிகுந்து காணப்பட்டது. ஒலிவம் மிகுந்த நடுநிலக்கடல் உணவுமுறையோ, இந்நோய் குறைவதோடு தொடர்புடையதாகத் தோன்றவில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இலட்சக்கணக்கானோரைத் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. நடுநிலக்கடல் உணவுமுறையை மேற்கொண்டோரிடம் லிம்போமா நோய் சிறிதளவே குறைந்திருந்ததாக அது கூறிற்று. அக்குறைவும் உணவுமுறை முழுமைக்கு உரியது. எண்ணெய் ஒன்றற்கே உரியதன்று.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அந்த நெடுநாள் நிணவணு லூக்கேமியா, மேலை நாட்டாரிடம் மிகுதியாகவும் சீனர், ஜப்பானியர் முதலியோரிடம் அரிதாகவும் காணப்படுகின்றது. ஒலிவ எண்ணெயை அறியாதே வாழ்ந்த மக்களிடம் நோய் அரிது. அதனை உண்ட நாடுகளில் அத்துணை அரிதன்று. பிறப்பியல்பு இதில் பெரும் பங்கு கொள்வதால், எண்ணெயைக் கொண்டு மட்டும் கணக்கிடுவது பொருந்தாது.

துவாஸ் தரும் நினைவு

அரிக்கமேட்டில் சாடிகளில் இறங்கிய எண்ணெய் இன்று சிங்கப்பூருக்குக் கொள்கலன்களில் வருகின்றது. கொள்கலன்களுக்கென்றே தீவின் மேற்குக் கோடியில் எழுந்துவரும் பெருந்துறைமுகம் துவாஸ். 2022-இல் அது முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. முன்னாளில் அது மீனவர் ஊர். தென்னங்கிளைகளை நீரில் நிழலாக நிறுத்தி, நிழல் நாடி வரும் மீனை வலையால் தூக்கும் முறையிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டுத் தொழிற்பேட்டை எழுந்தது. கப்பல் பட்டறைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் மருந்தாலைகளும் அங்கே உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் பல்லாயிரவர் அங்குள்ள விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர். உணவுப் பொட்டலத்தில் எந்த எண்ணெய் என்று தெரிந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களிற் பலர்க்கு இல்லை. ஒலிவ எண்ணெய்தான் காவல் என்றால், அக்காவல் அவர்க்கு எட்டாதது.

ஆனால் குருதிப் புற்றுநோய்க்கு ஐயமின்றி நிறுவப்பட்ட காரணங்கள் சில உள. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் கதிருக்கு ஆளாகிப் பிழைத்தோரிடம் லூக்கேமியா மிகுந்தது. புகையிலைப் புகையும் ஒருவகை லூக்கேமியாவை மிகுவிக்கின்றது. தொழிலாளர் நன்கு அறியவேண்டிய மற்றொன்று பென்சீன். கன்னெய்யிலும் சில கரைப்பான்களிலும் கலந்திருக்கும் இந்நீர்மம் எளிதில் ஆவியாகும். மூச்சின் வழியே உட்சென்று, எலும்பு மச்சையைக் கெடுக்கும்.

இதனை விளக்கும் சான்று ஒன்று, ஒலிவம் விளையும் நாடாகிய துருக்கியிலிருந்தே வந்தது. இஸ்தான்புல் நகர மருத்துவர் முசப்பர் அக்சாய், செருப்புத் தைக்கும் தொழிலாளர் பலர் லூக்கேமியாவால் மாய்வதைக் கண்டார். காற்றோட்டமற்ற சிறு கடைகளில், பென்சீன் கலந்த பசையை அவர்கள் ஆண்டுக்கணக்கில் முகர்ந்து வந்தனர். கடிய லூக்கேமியாவும் அதன் முன்னிலையும் உற்ற 26 தொழிலாளரைப் பற்றி அவரும் கூட்டாளிகளும் 1974-இல் எழுதினர். பொதுமக்களில் இலட்சத்தில் அறுவர்க்கு வரும் நோய், அத்தொழிலாளரில் இலட்சத்திற்குப் பதின்மூவர்க்கு வந்தது என்று கணித்தனர். அப்பசை விலக்கப்பட்டு வந்தபின் நோயாளர் தொகையும் குறைந்தது. உணவில் எந்த எண்ணெய் இருந்தது என்பது அங்கு வினாவாக எழவில்லை. பட்டறைக் காற்றில் என்ன இருந்தது என்பதே வினாவாயிற்று.

சிங்கப்பூரில் பென்சீன் முதலிய பொருள்களோடு பணிசெய்வோர்க்குக் குறித்த காலத்தில் மருத்துவச் சோதனை செய்யவேண்டும் என்று சட்டம் வகுத்துள்ளது. துவாஸில் உழைக்கும் ஒருவர்க்கு, காற்றோட்டமான பணியிடம், தக்க முகமூடி, தவறாத குருதிச் சோதனை, புகைபிடியாமை ஆகிய நான்கும் எந்த எண்ணெய்ப் புட்டியினும் மேலான காவல் என்று துணிந்து கூறலாம்.

கொள்ளத்தக்கது

அவ்வாறாயின் ஒலிவ எண்ணெயை விலக்குவதா? அன்று. அது நல்ல உணவு. நெஞ்சுக்கு நன்மை தரும் கொழுப்பு அதில் மிகுதி. விலை தாங்குவோர், வேறு கொழுப்பிற்கு மாற்றாக அதனைக் கொள்ளலாம். இருப்பதோடு கூட்டிக்கொள்ளுதல் தகாது. கிரேக்கர் கொடுத்த 40 மில்லிலிட்டரில் 300 கலோரிக்கு மேல் உண்டு. உடற்பருமனும் நீரிழிவும் மிகுந்த நம்மவர் இதனை மறத்தலாகாது. நோயுற்றார் எண்ணெயை நம்பி மருந்தை நிறுத்துவாராயின், அது பெருந்தீங்காய் முடியும். பார்பர் காலத்துக் குழந்தைகட்கு இல்லாத மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு விலக்குதல், அந்த மருந்துக்காக ஏங்கிய தாய்மாரின் துயரை மறப்பதாகும். எதை உண்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டே செய்க.

தமிழாசிரியன்மார் இதில் செய்யத்தக்க ஒரு பணி உண்டு. தடுக்கும் என்பது வேறு. தடுக்கலாம் என்பது வேறு. தடுக்குமா என்பது வேறு. துணிவும் ஐயமும் வினாவும் நம் மொழியில் ஒரு சொல்லின் ஈற்றிலேயே பிரிந்து நிற்கின்றன. ஒலிவ எண்ணெயும் குருதிப் புற்றுநோயும் பற்றி இன்றுள்ள அறிவு, வினாவைக் கடந்து, தடுக்கலாம் என்னும் ஐயத்தின் வாயிலில் நிற்கின்றது. அதனைத் தடுக்கும் என்று எழுதுவோரும் பேசுவோரும் ஓர் ஈற்றை மாற்றுகின்றனர். அந்த ஈற்றை நம்பி ஒரு நோயாளர் மருத்துவமனைக்குச் செல்லாதிருத்தல் கூடும். ஈற்றைப் பிழையின்றி எழுதக் கற்பிப்பவர் இவ்வேற்றுமையையும் மாணவர்க்கு உணர்த்துவாராக.